வரிசையின் கடைசி ஆளுக்கு

காலையில் பரணிலிருந்து மலையேறும் பையை இறக்கித் திறந்தேன். குப்பென்று புகையிலை நெடி. அட்டை ஏறாமல் இருக்க நீ புகையிலைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்ட காலுறைகள், நீ சுருட்டி வைத்தபடியே கிடந்தன. நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. என் ஜோடி மொடமொடவென்று காய்ந்திருந்தது. உன் ஜோடியில் ஈரம் இருந்தது. பரணில் ஒழுகல் ஏதுமில்லை, ஏறிப் பார்த்துவிட்டேன்.

அடுத்த வாரம் கிளம்புகிறேன்டி. நாம் போட்ட அதே திட்டம்தான். வியட்நாம் மலைக்காட்டில் உன் அப்பாவின் படை பின்வாங்கி வந்த பாதை. செங்குத்தான ஏற்றம், வழுக்குப் பாறை, பாலமில்லாத ஓடைகள். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பொம்பளைகளுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காத ஆள் நம் ரெட்டியார்பாளையத்தில் கிடையாது.

உன் அப்பா பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோனுக்குக் கப்பலேறிய சொல்தா, அதாவது சிப்பாய். திரும்பி வந்து எத்தனையோ வருஷமாகியும் உங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கூடம் ராணுவ முகாமாகத்தான் இருந்தது. தட்டு வைத்ததும் பேர் பேராகக் கூப்பிடுவார். "ப்ரெசான்" என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். இருக்கிறேன் என்று அர்த்தம். விருந்தாளியாக வந்த எனக்கும் விலக்கு இல்லை. அவர் "கலையலாம்" என்று சொல்லும்வரை கை காய்ந்தாலும் எழக் கூடாது. இந்தக் கூத்தை நினைத்து எவ்வளவு சிரித்திருக்கிறேன், நீ காரணத்தைச் சொல்லும்வரை.

முன்னால் போகிறவன் முதுகுகூடத் தெரியாத மூடுபனியில் அவர்கள் நடந்திருக்கிறார்கள். அதிகாரி அவ்வப்போது கடைசி ஆளின் பேரைக் கூப்பிடுவார். "ப்ரெசான்" என்று பதில் வந்தால் வரிசை முழுசாக இருக்கிறது என்று கணக்கு. கடைசி ஆள் ஒரு காரைக்கால்காரர். அவருக்கு முன்னால் உன் அப்பா. நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் பதில் தவறாமல் வந்தது. ஆற்றங்கரையில் பனி விலகித் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆளே இல்லை. தேடிப் போனவர்கள், காலையில் கிளம்பிய இடத்திலேயே அவரைக் கண்டார்கள். உடம்பில் எறும்பு ஏறியிருந்தது.

"எங்களுக்கெல்லாம் கலையலாம்னு சொன்னாங்க. அவனுக்கு யாரும் சொல்லல. இன்னும் நடந்துக்கிட்டுதான் இருப்பான்." கண் மூடும்வரை உன் அப்பா இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு ஒருநாள் நீ சாதாரணமாகச் சொன்னாய்: "போய் சொல்லிட்டு வந்துடலாம்டி. ஒரு வார்த்தைதானே."

அப்படித் தொடங்கியதுதான் நம் பயிற்சி. பையில் பொன்னி அரிசி மூட்டையைத் திணித்துக்கொண்டு விடியற்காலையில் ஊசுட்டேரிக் கரையில் நடப்போம். "என்னாக்கா, ரேஷன் அரிசிக்கு ஊரு சுத்திக் காட்டுறீங்களா?" என்று டீக்கடைக்காரர் கேட்காத நாளில்லை. நான் முன்னால், நீ பின்னால். நான் உன் பேரைக் கூப்பிடுவேன், நீ பதில் சொல்வாய். முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது உன் சட்டம். ஒரு மார்கழிப் பனியில் கூப்பிட்டபோது பதில் இரண்டு முறை வந்தது.

"எதுக்குடி ரெண்டு வாட்டி சொல்ற?"

"நான் ஒரு வாட்டிதான் சொன்னேன்."

கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு நீ சிரித்தாய். "நாம வர்றது அந்தக் காரைக்கால்காரருக்குத் தெரிஞ்சிடுச்சி போல." நான் நடையை எட்டிப் போட்டேன்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்த நாட்களில் வார்டு வாசலில் நின்று உன் பேரைச் சொல்வேன். கண் திறக்காமலே "ப்ரெசான்" என்பாய். போகப்போகக் குரல் தேய்ந்து உதடு மட்டும் அசைந்தது. ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுடி" என்றாய்.

"என்னத்த சொல்ல?"

"ஒனக்கே தெரியும். முடியலடி."

உன் அப்பாவின் அந்த ஒரு வார்த்தைதான் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. "மொதல்ல மல ஏறிட்டு வரலாம். அப்புறம் சொல்றேன்" என்றேன். நீ என் கையைத் தட்டிக்கொடுத்தாய். மறுநாள் நான் வந்தபோது உன் கட்டிலில் வேறு விரிப்பு போட்டிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஏரிக்கரைக்குத் தனியாகப் போனேன். வாய்ப்பழக்கத்தில் உன் பேரைக் கூப்பிட்டுவிட்டேன். பின்னாலிருந்து "ப்ரெசான்" என்று வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, நீ சொல்கிற மாதிரியே. கோரைப்புல்லில் காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாளும் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பதிலைக் கேட்பதற்காகவே தினமும் போனேன். பயம்தான். ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

இப்போது கொஞ்ச நாளாக உன் குரல் தொய்ந்துகொண்டே வருகிறது. கூப்பிட்டு வெகுநேரம் கழித்துத்தான் பதில் வருகிறது. நடுவில் காலை இழுத்து இழுத்து வைக்கும் சத்தம். நேற்று பதிலோடு ஒரு விசும்பலும் கேட்டது. நான் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை நீ நடந்துகொண்டேதான் இருப்பாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் டிக்கெட் போட்டேன்.

அந்த ஆற்றங்கரையில் காரைக்கால்காரர் பேரைச் சொல்லி "கலையலாம்" என்பேன். அடுத்து உன் பேரைச் சொல்வேன். இந்த முறை சொல்லிவிடுவேன்டி. நீ போய்ப் படு.

உன் காலுறையையும் ஈரத்தோடு பையில் வைத்திருக்கிறேன். அங்கே விட்டுவிட்டு வர உத்தேசம், மனசு வருகிறதா பார்ப்போம். அந்த ஒற்றைப் பிரெஞ்சு வார்த்தையை மட்டும் விட மாட்டேன். இறங்கி வரும்போது அது எனக்கு வேண்டும். அப்போது என் பின்னால் யாரும் இல்லை, வரிசையில் கடைசி ஆள் நான்தான். வழிகாட்டியாக வரும் அந்த ஊர்ப் பெண்ணிடம் போனிலேயே சொல்லிவிட்டேன், அடிக்கடி என் பேரைக் கூப்பிட வேண்டும் என்று. பதில் வந்தாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடச் சொல்லியிருக்கிறேன்.