கார்டில் இருக்கும் கடைசிப் படம்

குட்டிம்மா,

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன், சுடவைத்துச் சாப்பிடு. நாலு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வருவார்.

காலையில் உன் கேமராவைச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். படம் எடுக்கும் பட்டன் சிக்குவது அந்த மாடலிலேயே உள்ள குறையாம். வாரண்டியில் சும்மாவே மாற்றித் தந்திருப்பார்களாம். ஆனால் கவுண்ட்டரில் இருந்த பெண் அடிப்பக்க ஸ்க்ரூ தேய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார். "யாரு சார் இதைக் கழட்டினது?"

வாய் கூசாமல் சொன்னேன்: "என் பொண்ணுதாங்க. சொன்னா கேக்கவே மாட்டா."

அவர் கேமராவிலிருந்து மெமரி கார்டை எடுத்தார். அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, கடைசிப் படத்தைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரைப் பல்லில் கடித்துக்கொண்டு, நான்! ஞாயிற்றுக்கிழமை நீ வெளியே போயிருந்தபோது, ஆஃப் கூடச் செய்யாமல் நோண்டியது. சிக்கியிருந்த பட்டன் அந்த நேரம் பார்த்து அமுங்கியிருக்கிறது.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். தலை நிமிராமல் வந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் நோண்டியதற்கப்புறம்தான் கேமரா அடியோடு செத்தது. நீ கீழே போட்டிருப்பாய் என்று அம்மா எதிரில் கத்தினேனே, அப்போதே எனக்குத் தெரியும்.

கழட்டிய கேமராவுக்கு வாரண்டி கிடையாதாம், அதனால் வெளியில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறேன். சரிபண்ணிவிடலாம் என்கிறார்.

அப்பா

குழாய்க்காரர் கேட்டால், மொட்டைமாடிச் சாவி மாடி வீட்டு அத்தையிடம்.

இன்னொன்று. கார்டு உன் மேசை மேல் இருக்கிறது. அந்தப் படத்தை அழிக்கத்தான் கை போனது, அழிக்கவில்லை. சாயங்காலம் அம்மா வந்ததும் காட்டு. நான் பக்கத்திலேயே நிற்கிறேன்.