ஆறு பீஸ் கட்டை

ஐப்பசி 3, ஞாயிறு

மூடாக்கு. மூன்று நாளாக வெயிலே இல்லை. குட்டையில் மீன் எல்லாம் விடியும்போது மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சுக்குத் தவிக்கிறது. மீன் ஆபீசர் சொன்னது சீட்டில் கிடந்தது, கரையான் அரிப்பதற்குள் இங்கே:

நாலு மணிக்குச் சக்கரம் ஓட்டு, வெயில் ஏறினால் நிறுத்து. மூடாக்கு என்றால் பகலிலும்.
மூடாக்கில் தவிடு, புண்ணாக்கு போடாதே.
ஒயர் ஜாயிண்ட் தண்ணீருக்கு மேலே, குட்டைக்குள் நட்ட மூங்கிலில்.
எர்த் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர்.
கரண்டை அறுக்காமல் யாரும் குட்டையில் இறங்கக் கூடாது.

கடைசியை என் அண்ணனுக்கு யாரும் சொல்ல வேண்டாம். வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டியோடு ஆடியில் வடக்கே போனார். அன்றிலிருந்து அண்ணன்தான் எனக்குத் துணை, மல்லசமுத்திரத்திலிருந்து வந்து மோட்டார் ரூமிலேயே படுக்கை. தண்ணீரை அடித்துக் காற்றேற்ற, சேலத்து லேத்தில் அடித்த இரும்புத் துடுப்புச் சக்கரத்தைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார்.

ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை.

ஐப்பசி 4, திங்கள்

இன்று நாற்பது மீன் போல மிதந்தது. அழுதேன். எல்லாம் அண்ணனால்.

சக்கரத்தில் பாசி எடுக்க இறங்குமுன் கரண்ட் பெட்டியிலிருந்து பீஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி வேட்டி மடியில் கட்டிக்கொள்வார். நல்ல பழக்கம்தான். ஏறி வந்ததும் மறந்துவிடுவாரே! மடியில் கட்டையோடு டீக்கடைக்குப் போய்விட்டார். கரண்ட் வந்து ஒரு மணி நேரம் வெறும் பெட்டி முன்னால் நின்றேன்.

“மீனு சாவுதுங்கண்ணா!”

“கட்ட எம்பட மடியில இருக்கற வரைக்கும் எமனே வந்தாலும் மோட்டாரு ஓடாது அம்மிணி.”

“ஓடாம மீனு செத்தா?”

“மீனு செத்தாக் கருவாடு. நீ செத்தா உம்பட புருசனுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐப்பசி 6, புதன்

தூறல். நாமக்கல் போனேன். காபித்தூள், ஊசி, நூல்கண்டு, வசம்பு. எலக்ட்ரிக் கடையில் பீஸ் கட்டை மூன்று, புதுசு, கம்பி போட்டே வாங்கினேன். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் குதிப்பார். மாவு டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். இனி யார் மடியையும் எதிர்பார்த்து நிற்க வேண்டாம்.

வடக்கேயிருந்து கடிதம் இல்லை.

ஐப்பசி 7, வியாழன்

மழை. மூங்கிலில் ஒரு ஜாயிண்டில் டேப் உரிந்து தொங்குகிறது. சாயங்காலம் அண்ணன், “காலைல மொத பஸ்ஸுக்குப் புதுச்சத்திரம் போயி டேப்பு வாங்கியாறேன். அதச் சுத்தாம மோட்டாரு போட வேண்டாம்.”

“சரிங்கண்ணா.”

களி தின்றோம். மழைச் சத்தம்.

ஐப்பசி 8, வெள்ளி

அண்ணன் போய்விட்டார்.

ஐப்பசி 10, ஞாயிறு

நாமக்கல் ஆஸ்பத்திரியில் அறுத்து, மூட்டை போலச் சுற்றிக் கொடுத்தார்கள். மல்லசமுத்திரத்தில் நேற்று எல்லாம் முடிந்தது. வீட்டுக்காரருக்குத் தந்தி கொடுத்தாயிற்று. எந்த ஊரில் இருக்கிறாரோ.

வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை இங்கே எழுதிவிடுகிறேன்.

வெள்ளி காலை ஏழு மணிக்குக் கரண்ட் வந்தது. குட்டை மேலெல்லாம் மீன் வாய். மோட்டார் ரூமில் அண்ணன் இல்லை, பெட்டியில் கட்டை இல்லை. மடியில் கட்டிக்கொண்டே பஸ் ஏறிவிட்டார் என்று நினைத்தேன். வாய்விட்டே திட்டினேன். ஜாயிண்ட் தண்ணீருக்கு மேலேதானே இருக்கிறது, ஒரு மணி நேரம் தாங்கும் என்று ஒரு நினைப்பு. வீட்டுக்கு ஓடி என் கட்டைகளை எடுத்து வந்து மாட்டினேன். பச்சைப் பட்டனை அமுக்கினேன். ரூமுக்குள்ளிருந்து குட்டை தெரியாது. சக்கரம் தண்ணீரை அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி.

பிறகுதான் மீனைப் பார்க்கலாம் என்று கரைக்குப் போனேன். அண்ணன் செருப்பு இருந்தது. மூங்கில் ஓரமாக நீலச் சட்டை.

திரும்ப ஓடி மூன்று கட்டையையும் பிடுங்கினேன். கரண்டை அறுக்கத்தான் பிடுங்கினேன். பிறகு அது என் கையில் இருந்தது. இடுப்பில் செருகிக்கொண்டுதான் கத்தினேன்.

அவர் பஸ்ஸுக்குப் போகவே இல்லை. பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணனிடம் பாதி டேப் இருந்ததாம், விடியும்போது போய் வாங்கி வந்து, சுற்றுவதற்குக் குட்டையில் இறங்கியிருக்கிறார். வெளியே தூக்கிப் போட்டு மடியை அவிழ்த்தார்கள். மூன்று கட்டை. பெட்டி காலி.

லைன்மேன் தலையைச் சொறிந்தார். “கட்டையப் புடுங்கியும் அடிச்சிருக்குதுன்னா ரிட்டன் கரண்டுங்க. பக்கத்துத் தோட்டத்து லைன்ல இருந்து ஏறியிருக்கும்.”

கருப்பண்ணன் மண்ணில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார். “டேப்பையும் குடுத்து, கரண்டையும் குடுத்துட்டனே சாமி!”

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என்ன பிறவி நான்.

ஐப்பசி 11, திங்கள்

மூடாக்கு. மறுபடி மல்லசமுத்திரம். பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டார்கள், “அந்தாளு கவனமான ஆளுங்க, அவருக்கே இப்புடி.” பாதி வழியில் இறங்கிவிடலாமா என்று இருந்தது.

நங்கை, அண்ணன் மனைவி, மூலையில் உட்கார்ந்திருந்தார். கழுத்து வெறுமையாக. என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வேட்டிக் கிழிசலில் ஒரு முடிச்சு. அவிழ்த்தார். மூன்று பீஸ் கட்டை, காய்ந்த பாசி ஒட்டியிருந்தது.

“ஆஸ்பத்திரியில குடுத்தாங்க அம்மிணி. நான் வெச்சுக்கிட்டு என்ன பண்றது. நாலு நாளா மோட்டாரு போடாம மீனு என்ன கதியோ. கொண்டு போயி மாட்டி ஓட்டி உடுங்க.”

கை நீட்டி வாங்கினேன்.

“இது மூணும் இல்லாம மோட்டாரு ஓடாதுன்னு உங்கண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ஓடாதுங்களா அம்மிணி?”

“ஓடாதுங்க” என்றேன்.