சிரமமே இல்லை

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. போன வாரம் நீ அனுப்பிய படத்திலேயே தெரிந்துவிட்டது. மகளை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாய். "குழந்தை சிரிக்கிறதைப் பாரேன்" என்று உன் அத்தான் காட்டினார். நான் குழந்தையைப் பார்க்கவே இல்லை. உன் மணிக்கட்டைத்தான் பார்த்தேன். வயிறு எரிந்தது.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நான் நன்றாகப் பொய் சொல்வேன். கையெழுத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கோழி கிளறியது போல இருக்கிறதே, இது நான் மெனக்கெட்டு அழகாக எழுதியது. இதுவரை வருவதற்கே இரண்டு நாள் ஆகிவிட்டது.

நம் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. முதலில் முழங்கையில் செதில், பிறகு மூட்டில் வீக்கம். உனக்கு வீங்கியது ஒரே ஒரு விரல். அதற்கே வீட்டை இரண்டாக்கினாய். அம்மா என் பியூட்டி பார்லரை மூடச் சொல்லிவிட்டு உன்னை மூட்டு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினாள். துணைக்கு வந்த எனக்கு அப்போதே மூன்று விரல் வீங்கியிருந்தது. கையைக் கைப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "பெரியவ எதையும் தாங்கிக்குவா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாளே, அந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டாமா? நான்கு வருடம் தைலம் தேய்த்தே காப்பாற்றினேன்.

பிறகு நானும் அதே டாக்டரிடம் போனேன். நீ வெளிநாடு போய்விட்டாய். அங்கேயும் இங்கேயும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே படிவம் தருவார்களே, இருபது கேள்வி. தானாக உடுத்திக்கொள்ள முடிகிறதா, குழாயைத் திருக முடிகிறதா, மூடியைத் திறக்க முடிகிறதா என்று. நீ உன்னுடையதைப் படம் எடுத்து அனுப்புவாய். இருபதுக்கும் "சிரமமே இல்லை". கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை. நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துத்தான் அனுப்பினாய், தெரியும். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது சொல்கிறேன், கேள். நானும் இருபதுக்கும் "சிரமமே இல்லை" என்றே போட்டேன். ஒரு தடவை இல்லை, ஆறு வருடம். டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் காலையிலேயே வலி மாத்திரை போட்டுக்கொண்டு, கையை வீசி நடந்து போவேன். அவர் அழுத்திப் பார்க்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். நன்றாக இருக்கிறீர்கள், அதே மருந்தே போதும் என்று அனுப்பிவிடுவார். பள்ளிக்கூடத்தில் நீ என்னைப் பார்த்து எழுதினாய். இந்த வயதில் நான் உன்னைப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

சென்ற கோடையில் அவர் ஓய்வு பெற்றார், ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்தாள். படிவத்தைப் பார்த்தாள், எக்ஸ்ரேயைப் பார்த்தாள். தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "இந்தப் பட்டனைக் கொஞ்சம் போடுங்கக்கா" என்றாள். ஐந்து பட்டன். இரண்டாவதிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. அவள் திட்டவில்லை. "படிவத்தைப் பார்த்தா நீங்க மல்யுத்தத்துக்கே போகலாம் போல" என்று மட்டும் சொன்னாள். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

மருந்தை மாற்றினாள். மூன்று மாதத்தில் வீக்கம் வடிந்தது, இரத்தப் பரிசோதனையும் ஒழுங்காகிவிட்டது. வியாதி அடங்கிவிட்டது என்று உன் அத்தான் இனிப்பு வாங்கி வந்தார். வியாதி அடங்கியது, கை திரும்பவில்லை. இடது கையில் இரண்டு விரல் கட்டையாகிவிட்டன. அவை இனி மடங்காதாம். வீங்கியிருந்த வருடங்களெல்லாம் மூட்டு உள்ளே தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. வலது கையும் தேய்ந்திருக்கிறது, கட்டைவிரல் மட்டும் இன்னும் பிழைத்திருக்கிறது. நான் உண்மையைச் சொன்னால்தான் அதையாவது காப்பாற்ற முடியும் என்கிறாள். அது போனால் கத்தரிக்கோல் போய்விடும், பார்லரும் போய்விடும். இப்போதே வாடிக்கையாளர்களுக்குப் பெரும்பாலும் தலை அலசிவிடுவதோடு சரி, முடி வெட்டுவது அதிகமும் உதவிக்கு வைத்த பெண்தான்.

உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். இருக்கிறது. ஒரு விரலுக்கு ஓவென்று அழுத உனக்கு முழுசாகப் பத்து விரல், வாயைத் திறக்காத எனக்கு இது. அழத் தெரிந்தவளாக நானும் பிறந்திருக்கலாம் என்று தினம் நினைக்கிறேன்.

ஆனாலும் மருந்தை ஒரு வேளைகூட விட்டுவிடாதே. சுகமாக இருக்கிறதே என்று டாக்டரிடம் போகாமல் இருக்காதே. உன் கைக்கு ஒன்றும் வரக்கூடாது. பொறாமையோடுதான் சொல்கிறேன், ஆனால் மனசாரச் சொல்கிறேன்.

புதுப் படிவத்தை நேற்று நிரப்பினேன். முதல் தடவையாக உள்ளது உள்ளபடி. பதினொரு இடத்தில் "ரொம்பச் சிரமம்", மூன்று இடத்தில் "முடியவே இல்லை". கடைசியில், உடுத்திக்கொள்ள யார் உதவுகிறார் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அத்தான் பெயரை எழுதியிருக்க வேண்டும். ஊக்கு மாட்டிவிடும்போது அவர் கை நடுங்குகிறது, அதை எழுத எனக்கு மனசு வரவில்லை. "தங்கை" என்று எழுதிவிட்டேன்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி அதைக் கொடுக்க வேண்டும். அதற்குள் அந்த ஒரு பதிலும் உண்மையாகிவிட்டால் நன்றாக இருக்கும்.

குழந்தைக்கு முத்தம். இந்த முறை அவள் முகத்தைப் பார்க்கிறேன்.

உன்,
அக்கா