நீலக் குழாய் காலியாகத்தான் இருக்கிறது, ரஹீம்

என் ரஹீமுக்கு,

செங்கம் ரோட்டில் நம் கடைக்கு முன்னால் தோண்டிய பள்ளத்தை நேற்று மூடிவிட்டார்கள். உள்ளே ரெண்டு குழாய் இறங்கியிருக்கிறது. ஆரஞ்சு ஒன்று, நீலம் ஒன்று. ஆரஞ்சுக்குள் கண்ணாடி இழை கேபிள் போகும். நீலம் காலி. நீ கேட்டது அதைத்தானே? முதலில் இந்தச் சேதியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

உனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை எனக்கு. போன் போட்டுத் திட்டுவதோடு சரி. கூட இருந்து படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ரஹீம் எங்கள் ஊர் அத்தர் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. மெட்ராஸில் கம்ப்யூட்டர் புரொபசர். ஆராய்ச்சி நடக்கிற பல்கலைக்கழகங்களையெல்லாம் வேகமான புது வலை ஒன்றில் இணைக்கத் திட்டம் போட்ட கமிட்டியில் இருந்தவன். நான் ஏழுமலை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அடி அண்ணாமலையில் எலுமிச்சை ஜூஸ் விற்றுத் தேறி, பைப் கடை போட்டவன்.

பழைய லைன் எவ்வளவு மந்தம் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? எங்கோ ஒரு மலைமேல் டெலஸ்கோப்பில் எடுத்த படங்களை லைனில் அனுப்பினால் வாரக்கணக்கில் ஊர்ந்து போகுமாம். டேப்பில் பதிந்து பஸ் ஏற்றிவிட்டால் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடுமாம். "அப்போ லைனு எதுக்குடா, எல்லாருக்கும் பஸ் பாஸ் எடுத்துக் குடு" என்றேன். சிரித்த சிரிப்பில் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டாய். உன் வீட்டுக்காரி ஜரினா அந்தக் கறைக்காக என்னைத்தான் திட்டினாள்.

நீ ஊருக்கு வந்த அந்தப் பௌர்ணமிச் சாயங்காலத்துக்கு வருகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராகக் கடைக்கு வந்தாய். முகமே சரியில்லை.

"திட்டத்துலேர்ந்து காலிக் குழாயை வெட்டிட்டாங்கடா."

"இன்னா குழாய்?"

"கேபிள் போற குழாய்க்குப் பக்கத்துலயே இன்னொண்ணு. இப்போ அதுல ஒண்ணும் போவாது. பின்னால தேவைப்பட்டா, ரோட்டைத் தோண்டாமலே கேபிளை உள்ள தள்ளிக்கலாம்."

"சும்மா கெடக்கப்போற சரக்கை பூமிக்குள்ள பொதைக்க எந்த யாவாரிடா ஒத்துப்பான்? அவங்க வெட்டுனது சரிதான்."

"உங்கிட்ட வந்து சொன்னேன் பாரு."

நான் விடவில்லை. "அதை விடு. அந்த லைன் நம்ம ஊரு வழியாத்தானே பெங்களூரு போவுது? நம்ம காலேஜு லிஸ்ட்ல இருக்குதா?"

"இல்ல. பெரிய ஆராய்ச்சி நடக்குற எடத்துக்கு மட்டும்தான்."

"நீதானய்யா கமிட்டி. ஒரு வரி சேத்துடு."

"சேக்க மாட்டேன். என் ஊருன்னு நான் சேத்தா, அவனவன் ஊரை அவனவன் சேப்பான். அதுக்குத்தாண்டா காலிக் குழாய் கேக்குறேன். இன்னிக்கி லிஸ்ட்ல இல்லாதவன் நாளைக்கி வருவான். அவன் வர்றதுக்கு வழி வேணாமா?"

எனக்கு அது ஏறவில்லை. உனக்கும் புரிந்துபோனது. என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாய். ரோடு தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. கிரிவலக் கூட்டம் செருப்பில்லாமல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"எண்பத்தொம்பதுல பௌர்ணமிக்கு இங்க எவ்ளோ ஜனம்?"

"நாலு சாமியாரு, ரெண்டு வெள்ளக்காரன், ஒரு நாயி."

"இப்போ?"

பதில்தான் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்ததே.

"ஜூஸ் கடைக்கு எலுமிச்சம்பழம் எப்படி வாங்குன? மாசம் பூரா வர்ற ஜனத்தைக் கூட்டி, நாளால வகுத்தா?"

"எனக்கின்னா பைத்தியமா? பௌர்ணமியப் பாத்து வாங்குவேன். போன பௌர்ணமிய விட ஜாஸ்தியா வாங்குவேன்."

"கமிட்டில அப்பிடி வகுத்துத்தாண்டா கேபிள் கணக்கு போடுறாங்க" என்றாய்.

அப்போதுதான் உன் பக்கம் சாய்ந்தேன். சாய்ந்தபின் என் பங்குக்கு யாவாரப் புத்தி சொன்னேன். செலவெல்லாம் தோண்டுவதில்தான், குழாய் விலை அதில் கம்மி. ரெண்டாவது குழாயைத் தனி வரியாக எழுதினால் கத்தரிக்கோல் அங்கேதான் விழும், பள்ளத்தோடு சேர்த்து எழுது என்றேன். அப்புறம் இன்னொன்று. கிரிவலப் பாதையை ஒரு தடவை மூடிவிட்டால் திரும்பத் தோண்ட இந்த ஊர் லேசில் விடாது. வெறுங்காலோடு வருகிற ஜனத்துக்கு ஜல்லி குத்தும். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சே இங்கே கிடையாது. அதை அப்படியே கமிட்டியில் சொன்னதாகப் பிறகு போன் பண்ணினாய். "யோசிக்கிறாங்கடா" என்றாய். உன்னிடமிருந்து நான் கேட்ட கடைசி நல்ல சேதி அதுதான்.

உன் வீட்டுக் கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தபோது ஜரினா என்னிடம் கேட்டாள்: "அண்ணே, ஆஸ்பத்திரியில கூட அந்தக் குழாய்ப் பேச்சுதான். அது இன்னாச்சு?"

எனக்கும் தெரியாதே.

போன மாதம்தான் தெரிந்தது. பள்ளம் தோண்டுகிற கான்ட்ராக்டர் குழாய்க்கு ஆர்டர் கொடுக்க நம் கடைக்கு வந்தார். வரைபடத்தை விரித்தார். ரெண்டு கோடு! கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டேன். தலைவலியா என்று கேட்டார்.

ஆனால் வேலை ஊருக்குள் வந்ததும் அவர் பேச்சு மாறியது. "சார், ஊருக்குள்ள ஒரு குழாய் போதும். ரெண்டு முனையிலயும் நீலத்தை எட்டிப் பாக்க வெச்சிடுறேன். நடுவுல எவன் பாக்கப்போறான்? பௌர்ணமி வேற வருது, சீக்கிரம் மூடணும். மிச்சத்துல உங்களுக்கும் பங்கு உண்டு."

உண்மையைச் சொல்கிறேன், வேறு யாருடைய குழாயாக இருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

சண்டை போடவில்லை. பக்கத்து டீக்கடை செல்வியிடம் போய் ஒரு டீ குடித்தேன். "ரெண்டு கலர்ல பைப்பு போவுதும்மா. ஆரஞ்சு பெரிய பெரிய காலேஜுங்களுக்கு. நீலம் நம்ம ஊரு புள்ளைங்களுக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. செல்வியிடம் சொன்னால் ரேடியோவில் சொன்ன மாதிரி.

மறுநாள் காலையில் மண் தள்ள ஆள் இறங்கியதும் கரண்டியோடு வந்து நின்றாள். "ஏன்யா மேஸ்திரி, நீலத்தைக் காணோம்? எங்க புள்ளைங்களுதை இன்னா பண்ண, வித்துட்டியா?"

"அது காலிக் குழாய்மா. அதுல ஒண்ணும் போவாது."

"காலியோ ரொப்பலோ, எங்களுதை எறக்கு. எறக்காத மண்ணு போட்டீன்னா நான் பள்ளத்துலயே உக்காந்துக்குவேன். பௌர்ணமிக்கு வர்ற ஜனத்துக்கு நீயே பதில் சொல்லிக்கோ."

ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், பூக்காரம்மா வந்தாள். எதிர் ஓட்டலில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் என்ன ஏதென்று தெரியாமலே வந்து செல்வி பக்கம் நின்றுகொண்டார். கான்ட்ராக்டர் என்னிடம் ஓடிவந்தார். "சார், நீங்கதானே கெளப்பி விட்டது?"

"நான் பைப்பு விக்கிறவன்பா" என்றேன்.

மதியத்துக்குள் நீலம் இறங்கிவிட்டது. முனையிலிருந்து முனைவரை நடந்து பார்த்தேன். என் முழங்கால் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"நம்ம ஊரு புள்ளைங்களுக்குன்னு ஏன்டா பொய் சொன்ன?" என்று கேட்பாய். பொய்யில்லை, அட்வான்ஸாகச் சொன்ன உண்மை என்று வைத்துக்கொள். நம் காலேஜும் வலையில் சேரக் கேட்டு எழுதியிருக்கிறது. கிடைக்குமா? எப்போது கிடைக்கும்? நீ இருந்தால் உன்னை நச்சரித்துக் கேட்டிருப்பேன். நீயும் லிஸ்டில் சேர்க்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாய்.

நேற்று ஜரினாவுக்குப் போன் போட்டேன்.

"குழாய் எறங்கிடுச்சும்மா."

அவள் கேட்டாள்: "காலியாத்தானே இருக்குது அண்ணே?"

"காலியாத்தாம்மா இருக்குது."

"அப்ப சரி" என்றாள். உன் குரல் மாதிரியே இருந்தது.

குழாயின் வாய் நம் கடை வாசலில்தான் வருகிறது, ஒரு கான்கிரீட் மூடிக்குக் கீழே. அதற்குள்ளே ஆள் வந்தாயிற்று. கேபிள் டிவிக்காரர் ஒருத்தர், "சும்மாத்தானே கெடக்குது, நம்ம ஒயரை ஒண்ணு விட்டுக்கட்டுமா அண்ணே?" என்றார். அனுப்பிவிட்டேன். இன்னும் வருவார்கள். என் குடோனில் ஒரு மூலையைக்கூட நான் காலியாக விட்டதில்லை, உனக்கே தெரியும். இப்போது ஒன்றுமில்லாத குழாய்க்குக் காவல் இருக்கிறேன். சிரிக்கிறாயா?

சிரி. ஆனால் இதைக் கேட்டுக்கொள். நம் காலேஜுக்கான கேபிள் வருகிறவரை அந்த மூடிக்குக் கீழே எவன் ஒயரும் போகாது. எனக்குப் பிறகு கல்லாவில் யார் உட்கார்ந்தாலும் முதலில் அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் சாவியைத் தருவேன். அது வருகிற நாளில் ஜரினாவைக் கூட்டிவந்து, செல்வி கடையில் டீ வாங்கிக் கொடுத்து, மூடியைத் திறந்து காட்டுவேன். அன்றைக்குத்தான் உன் குழாய் நிறைந்துவிட்டதென்று அவளிடம் சொல்வேன்.

ஜரினாவுக்கு அண்ணன் என்ற முறையில்,
உன் மச்சான்
ஏழுமலை