நெஞ்சு மெஷினோடு ஏலத்துக்குப் போனேன்

வியாழன், இரவு.

பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. துடிப்பு தாறுமாறாகி, நெஞ்சிலிருந்துதான் மூளைக்கு ரத்தக்கட்டி போயிருக்குமோ என்று டாக்டருக்குச் சந்தேகம். இரண்டு நாள் துடிப்பைப் பதிவு செய்ய நேற்று மார்பில் ஒயர் ஒட்டி, இடுப்பில் ஒரு சின்ன மெஷினை மாட்டிவிட்டார்கள். எப்போதும்போல் இருங்கள், படபடத்தால் மணியும் செய்த வேலையும் எழுதுங்கள் என்று தாளும் கொடுத்தார்கள்.

இன்று விடியற்காலை மீன் ஏலம் விடக் காசிமேட்டுக்குக் கிளம்பினேன். மகன் சேகர் வாசலை மறித்தான்.

"இத்த கட்டிக்கினு ஏலம் வுடப் போறியா? வூட்லயே படும்மா, ரிப்போர்ட்டு நல்லா வரும்."

"ரிப்போர்ட்டு நல்லா வரவா கட்டிக்கினு கீறேன்? நெஞ்சு இன்னா பண்ணுதுன்னு பாக்கத்தான்டா!"

ஐஸ் தண்ணீர் படாமல் மெஷினுக்கு மீன் போடும் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டேன். வஞ்சிரம், சங்கரா எல்லாம் கூவி விற்றேன். நாக்கு இரண்டு முறை குழறியது. வாங்க வந்தவள் ஒருத்தி சிரித்தாள். அவள் தலையிலேயே விலையை ஏற்றிக் கட்டினேன். நெஞ்சு படபடக்காமல் கம்முனு இருந்தது.

மத்தியானம் சேகரின் தொல்லை தாங்காமல் படுத்தேன். அப்போதுதான் கூடையில் போட்ட உயிர் மீன்போல நெஞ்சு துள்ளியது. பயந்துதான் போனேன். துள்ளல் அடங்கியதும் தளர்ந்த வலது கையாலேயே எழுதினேன்: மணி இரண்டே கால், சும்மா படுத்திருந்தேன்.

நாளைக்கு டாக்டர் எந்த மாத்திரை கொடுத்தாலும் முழுங்குகிறேன். ஆனால் அந்தத் தாளை முதலில் சேகர் வாயால் சத்தமாகப் படிக்க வைப்பேன். அப்புறம் ஏலத்துக்குப் போகாதே என்று எவன் சொல்கிறான், பார்க்கிறேன்.