தேசப்பன் அறை வாசலில் நீ

என் ஸ்டெல்லா அக்கா,

நீ போன பிறகும் நம் வார்டில் உன்னிடம்தான் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தோம். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இத்தனை நாள் எழுதவில்லை.

தேசப்பனை உனக்குத் தெரியாது. விசைப்படகில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவன். நீ காய்ச்சலில் இறந்த பிறகுதான் திருவொற்றியூரில் இருக்கும் நம் மனநலக் காப்பகத்துக்கு வந்தான். யார் உள்ளே போனாலும் பயத்தில் கை ஓங்கிவிடுவான். அவன் வந்த புதிதிலேயே அடிபட்டு வார்டு உதவியாளர் முரளியின் மணிக்கட்டு வீங்கியது.

ஒரு மதியம் மருந்துத் தட்டோடு அவன் வாசலில் நின்றேன். எண்ணூர் சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் அதிர்வில் ஜன்னல் கண்ணாடி உதறிக்கொண்டிருந்தது. அவன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

"உங்க அக்கா உன் பின்னாடி நின்னுகினு கீது. குட்டிமா, ஓரமா நில்லுன்னு சொல்லுது."

நோயாளியின் வழியை மறிக்காமல் ஓரமாக நிற்பது, இதே வார்டில் நர்ஸாக இருந்தபோது நீ எங்களுக்குப் பழக்கியது. தினமும் நாங்கள் பேசிக்கொள்வது அவன் காதில் விழுந்திருக்கலாம். ஆனால் குட்டிமா? வீட்டுக்கு வெளியே அந்தப் பெயர் யாருக்குத் தெரியும்? திரும்பினேன். நடைவழியில் யாருமில்லை.

அதன்பின் உள்ளே போகுமுன் எல்லோரும் அவனிடம், "அக்கா இன்னா சொல்லுது?" என்று கேட்க ஆரம்பித்தோம். வரச் சொல்லுது என்றால் போவோம். அடி நின்றது.

"செத்தும் டூட்டிக்கு கரெக்டா வருது சிஸ்டர் உங்க அக்கா. உசுரோட கீறவன்தான் லீவு போடறான்" என்று முரளி சிரிப்பான். நானும் சிரித்தேன். மருந்து கொடுத்து முடித்தும் தேசப்பன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன், இன்னும் ஏதாவது சொல்வாயோ என்று.

போன வாரம் முரளி அவனைக் குளிக்கக் கூப்பிடப் போனான். "அக்கா வரச் சொல்லுது. எனக்கு வேணாம்" என்றான் தேசப்பன். முரளி உள்ளே போனான். தேசப்பன் வீசிய வாளி அவன் முகத்தில் மோதியது. பல் உடைந்துவிட்டது.

மூலையில் நடுங்கிக்கொண்டிருந்த தேசப்பன் என்னிடம் கேட்டான்: "நான்தான் வேணாம்னேனே சிஸ்டர். அது சொன்னாதான் உங்க காதுல வுழுமா?"

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தை மாற்றியிருக்கிறார். தேசப்பனுக்கு உன் குரல் தேய்ந்துகொண்டே வருகிறதாம். நேற்று அவனாகவே சொன்னான்: "அக்கா உன்னாண்ட இன்னாமோ சொல்லுது. அலை சத்தத்துல வெளங்கல. கேட்டு சொல்லட்டா?"

அந்த அறைக்குக் கடல் சத்தம் கேட்காது, அக்கா.

கேள் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். "வேணாம், தேசப்பா. உனக்கு என்ன வேணும்?" என்றேன்.

அவன் கதவைப் பார்த்தான். "கதவ தொறந்தே வெச்சிட்டு போ."

திறந்தே வைத்துவிட்டு வந்தேன்.

இனி அவன் வழியாக உன்னைத் தேட மாட்டேன். முரளி திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறான். அந்த வாசலில் அவனோடு நானும் நிற்பேன். தேசப்பன் வேண்டாம் என்றால் இருவரும் திரும்பிவிடுவோம். நீ உள்ளேயிருந்து கூப்பிட்டாலும்.

உனக்குப் பின்னால் பிறந்தவள்,
மேரி