நடுவழியை விட்டு நின்றவன்

செப்டம்பர் 2

எழுத்து கோணலாகத்தான் வருகிறது, மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன்? படிக்கப்போகிறவனும் நான்தான். இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். மீன்படகில் அறுபது வருஷம் கயிறு இழுத்த விரல்கள், பென்சிலை வழுக்கும் விலாங்கு என்று நினைத்து நெரிக்கின்றன. இவ்வளவு எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

ஊர்க்காரர்கள் எடுத்த படங்களைத் திருவிழாவில் கோயில் மண்டபத்தில் மாட்டுவார்கள். படத்தின் கீழே, எடுத்தவரே தன் கையால் பெயர் எழுத வேண்டும். அதனால்தான் இத்தனை வருஷம் நான் ஒரு படமும் கொடுக்கவில்லை. முதியோர் வகுப்பில் எளிய எழுத்தும், என் பெயருக்கான சித்திர எழுத்தும் கற்றுவிட்டேன், இந்த வருஷம் கொடுப்பேன். கோயிலுக்காகக் கடலோரத்தில் நிற்கும் சிவப்புத் தோரணவாயில், நிலா வெளிச்சத்தில்.

செப்டம்பர் 4

கெட்டது. கேமராவை முக்காலியில் நிறுத்தி, அதன் கண்ணை நெடுநேரம் திறந்துவைத்திருந்தேன். நண்பன் இவாக்கிச்சியின் கணவாய் மீன் பிடிக்கும் படகு அத்தனை விளக்கையும் எரித்துக்கொண்டு குறுக்கே போனது. படச்சுருளில் வெறும் வெள்ளைதான் இருக்கும்.

காலையில் படகுத்துறையில் சண்டைக்குப் போனேன். அவன் சிரிக்கிறான். "உன் படத்துக்காக நான் வெளக்க அணைச்சுட்டு உக்காரணுமாடா? பௌர்ணமி வரைக்கும் பொறு. நெலா காயுறப்ப எந்தக் கணவா வெளக்குக்கு வரும்? படகு எல்லாம் கரையிலதான் கெடக்கும். கடலே உனக்குத்தான், போ."

எனக்கே தெரிந்த விஷயம். படம் பிடிக்கும் ஆசையில், எனக்குள் இருக்கும் மீன்காரன் அதை மறந்துபோனான்.

செப்டம்பர் 8

பௌர்ணமி. கடலில் ஒரு விளக்கு இல்லை. முதுகுக்குப் பின்னால் மலைமேல் நிலா ஏறி, வாயிலின் சிவப்பு தெரியத் தொடங்கியதும் கேமராவின் கண்ணைத் திறந்தேன்.

பிறகு சும்மா நிற்க முடியவில்லை. கடலுக்குப் போகும்போதெல்லாம் தலைத்துணியை அவிழ்த்து அந்த வாயிலை வணங்கிவிட்டுப் போனவன் நான். கால் தானாகப் போய்விட்டது. கணுக்கால் தண்ணீரில் நின்று குனிந்தேன். இந்த முறை சாமியிடம் சொல்ல நிறைய இருந்தது. என் பெயரைத் தொமெசோ என்று சித்திர எழுத்தில் எழுதக் கற்றுக்கொண்டேன் சாமி என்றேன். ஒவ்வொரு கோடாக, எது முதலில், எது பிறகு என்று ஒப்பித்தேன். ஒரு கோட்டில் தடுமாறி முதலிலிருந்து சொன்னேன்.

செப்டம்பர் 10

சுருள் டவுன் ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறது. மனைவி கிகுனோ மீன் சுட்டாள். ருசி தெரியவில்லை.

செப்டம்பர் 15

படம் வந்தது. கடல் பனிமூட்டம் போல, தோரணவாயில் நெருப்புப் போல. அதன் ஓரத்துத் தூணடியில் ஒரு குனிந்த உருவம். உடம்பு வழியே கடல் தெரிகிறது.

நான்தான். என்ன செய்துவிட்டேன் — கேமராவின் கண் திறந்திருந்தபோது நடந்துகொண்டே இருந்திருந்தால் படத்தில் நான் விழுந்திருக்க மாட்டேன். அசையாமல் நின்றிருக்கிறேனே. மடையன். அடுத்த பௌர்ணமிக்குள் திருவிழா முடிந்துவிடும்.

"ஏங்க, பேயாட்டம் இருக்கீங்க," என்றாள் கிகுனோ. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆனா மரியாதை தெரிஞ்ச பேயி. பூசாரிகிட்ட காட்டுங்க. வேணாம்னா வேணாம்னு அவரு சொல்லட்டும்."

செப்டம்பர் 16

பூசாரி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இருட்டுல தனியா நின்னீங்களா?"

"ஆமாங்க."

"வாசலோட நடு, சாமி போற வழி. யாரும் பாக்காதப்பவும் அத விட்டு ஓரமாத்தான் நின்னிருக்கீங்க. இத மாட்டாம வேற எத மாட்டுறது?"

வெள்ளை அட்டையும் தூரிகையும் நீட்டினார். பக்கத்தில் இருந்தவர், "அண்ணே, நான் எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நானே எழுதினேன்.

செப்டம்பர் 21

திருவிழா. இவாக்கிச்சி எல்லோரையும் இழுத்துவந்து காட்டினான். "படம் எடுடான்னா நண்டு பொறுக்கப் போயிருக்கான் பாருங்க." பிறகு தலைத்துணியை அவிழ்த்தான். என் படத்துக்கு முன்னால் குனிந்தான், அவனும் ஓரமாக நின்று.

கிகுனோ படத்தைப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து எனக்காக என் பெயரை எழுதியவள் அவள்.

"கடைசிக் கோடு சாயுது," என்றாள். "உங்க படகு மாதிரியே." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் பேரு எப்போ?" என்றாள்.

இதுவரை அவள் பெயரை எளிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன்; சித்திர எழுத்தில் அதன் முதல் எழுத்துக்கே பதினோரு கோடு. அடுத்த வாரம் வகுப்பில் கற்றுவந்து இங்கேயே எழுதுவேன். பெரிதாக வரும், அதனால் கீழே இடம் விட்டிருக்கிறேன்.